பூஞ்சை பிடித்த ஒப்பாரி கேசட்டுகள்: உதவி தேவை

வணக்கம். வேலூர், திருவண்ணாமலைப் பக்க ஒப்பாரிப் பாடல்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஓய்வுபெற்ற என் நெறியாளர் 1991 முதல் 1994 வரை ஊர் ஊராகப் போய்ப் பதிந்த 38 கேசட்டுகளைக் கொடுத்தார். எல்லாம் சி-90, அதாவது 90 நிமிட நாடாக்கள். அதில் 24 நன்றாக ஓடின. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்புகளாக ஏற்றிவிட்டேன்.

மீதி 14தான் சிக்கல். நாடாச் சுருளின் ஓரத்தில் மாவு தூவியது போல வெள்ளைப் பூஞ்சை. ஓடவிட்டால் இரண்டு நிமிடத்தில் கிறீச்சென்று கத்தி, வேகம் குறைந்து நின்றுவிடுகிறது. குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தால் பஞ்செல்லாம் பழுப்புத் தூள்.

பென்சில் விட்டு முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தேன். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். டெக்கையும் மாற்றிப் பார்த்தாயிற்று. இரண்டு நாடாக்களை வேறு கேசட் கூட்டுக்கு மாற்றினேன். ஒன்று ஓடியது, மற்றது அறுந்தது. ஒரு பாட்டி மகனை நினைத்துப் பாடும் இடத்தில் சரியாக அறுந்தது. அன்றோடு கை வைப்பதை நிறுத்திவிட்டேன். கடைக்காரர் ஒருவர் வெயிலில் காயவைக்கச் சொன்னார், நல்லவேளை, கேட்கவில்லை.

பாடியவர்களில் பலர் இப்போது இல்லை, மறுபடி பதிய வழியில்லை. நான் இருப்பது வேலூரில். மார்ச்சில் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும்.

சென்னை, புதுச்சேரி, பெங்களூரு பக்கம் பூஞ்சை பிடித்த கேசட் நாடாவைச் சுத்தம் செய்து பதிவெடுத்துத் தருபவர் யாரையாவது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?