புதுப்பிப்பு: பலகை சேரும் இடத்தில் மலை விரிசல் – சரியாகிவிட்டது

ஊட்டி மலை ரயிலின் மாடலை 1:87 அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு), தண்டவாளங்களுக்கு நடுவே 12 மில்லிமீட்டர் இடைவெளியில், காரில் ஏற்றுகிற மாதிரி இரண்டு பலகைகளாகச் செய்திருக்கிறேன், ஒவ்வொரு முறை இறக்கும்போதும் பலகைகள் சேரும் இடத்தில் பிளாஸ்டர் மலை உதிர்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, பிளாஸ்டரைப் பெயர்த்துவிட்டு தெர்மாகோலை அடுக்கிச் செதுக்கி, மேலே மாவுக்கட்டுத் துணி மட்டும் போடச் சொன்ன யோசனைதான். மருந்துக்கடையில் எலும்பு முறிவுக்கு விற்கிற அதே துணி, நனைத்து இரண்டு அடுக்கு. பலகை சேரும் கோட்டில் துணியைத் தொடரவிடாமல் வெட்டி, இடுக்கைப் புதர் வைத்து மறைத்தேன். பிளாஸ்டரில் நார் கலப்பதையும் ஒரு மூலையில் பார்த்தேன். விரிசல் குறைந்தது, ஆனால் கனம் அப்படியே.

தண்டவாளத்தடியில் ஜல்லியை ஒட்ட ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் கரைசல் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நிற்கும். கல்லாறு–குன்னூர் ஏற்றம் 12க்கு 1 என்பதால் நடுவில் பல்தண்டவாளம் (இஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறுகிற, பல் வைத்த தண்டவாளம்) வைத்திருக்கிறேன், அதன் பற்களில் பசை போய் உட்கார்ந்து இஞ்சின் துள்ளியது, ஊசியால் சுரண்டவே ஒரு மாலை போனது. முதலிலேயே டேப் ஒட்டி மூடிவிடுங்கள்.

எதிர்பாராதவை இரண்டு. துணி மூடாத ஓரத்தில் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன், தெர்மாகோல் கண்ணெதிரே கரைந்து குழியானது. (பாறை மாதிரி நன்றாகவே இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன்.) அப்புறம், மண்ணுக்காகத் தூவிய பழைய டீத்தூள் பூசணம் பிடித்தது, சரியாகக் காயவில்லை போல. இப்போது சலித்த செம்மண்.