புதுப்பிப்பு: ஆபரேட்டர் திரையில் பம்ப் படம் சுழலாமல் தடுமாறியது – தீர்ந்தது

பம்ப் ஓடும்போதும், இயந்திரங்களைக் கண்காணிக்கும் ஆபரேட்டர் திரையில் அதன் இறக்கைச் சக்கரம் அசையாமல் நிற்கிறது, எப்போதாவது திடீரெனத் தாவுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

படங்களைச் சிறிதாக்கிப் பார்த்ததில் பயன் இல்லை. டேக் (திரை பயன்படுத்தும், பெயரிடப்பட்ட மதிப்பு) புதுப்பிப்பு இடைவெளியைக் கவனிக்கச் சொன்னவரின் யோசனையே சரியாக இருந்தது. நான்கு படங்களை மாற்றும் எண்ணியை, பம்பைக் கட்டுப்படுத்தும் தொழிற்கணினியான பிஎல்சிக்குள் 250 மில்லிவினாடிக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டிருந்தேன். திரையோ அந்த டேகை 1 வினாடிக்கு ஒருமுறைதான் வாசித்தது. அதற்குள் நான்கு படங்களும் ஒரு சுற்று முடிந்துவிடுவதால், ஒவ்வொரு வாசிப்பிலும் அதே படமே கிடைத்தது. வாசிப்பு சற்றுத் தாமதமானபோது மட்டும் படம் தாவியது. இப்போது எண்ணியைத் திரையின் உள் டேகுக்கு மாற்றி, பிஎல்சியிலிருந்து "ஓடுகிறது" என்ற ஒரே பிட்டை (ஆம்/இல்லை மதிப்பு) மட்டும் எடுக்கிறேன். சுழற்சி சீராகிவிட்டது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. சோதனைக்காக நெட்வொர்க் கேபிளைக் கழற்றியபோது, கடைசியாக வந்த மதிப்பை வைத்துக்கொண்டு பம்ப் திரையில் சுழன்றுகொண்டே இருந்தது. ஓடாத பம்பை ஓடுவதாகக் காட்டும் திரை, படமே இல்லாத திரையைவிட ஆபத்தானது. எனவே டேகின் தரநிலையையும் (வந்த மதிப்பு நம்பத்தக்கதா என்று காட்டும் குறி) நிபந்தனையில் சேர்த்தேன். தொடர்பு அறுந்தால் சுழற்சி நின்று, "தொடர்பு இல்லை" என்ற எழுத்து தோன்றும். அந்த "ஓடுகிறது" பிட்டையும் தொடக்கக் கட்டளையிலிருந்து எடுக்காமல், கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) துணைத் தொடுமுனையிலிருந்து எடுப்பதே நல்லது.