எட்டு லைட்டும் எரியுது, ஆனா லிங்க் நிக்க மாட்டேங்குது. சொந்தமா கேபிள் அடிச்சது தப்பா?

கேபிள்_கத்துக்குட்டி:
வணக்கம் மக்களே. வைஃபை மேல நம்பிக்கை போய், ஒரு பெட்டி கேட்6 தர நெட்வொர்க் கேபிள், முனைல பிளக்கை அழுத்தி மாட்டுற கிரிம்பிங் டூல், ஒரு பாக்கெட் ஆர்ஜே45 கனெக்டர் (அந்த எட்டு பின் பிளக்), லைட் எரியுற சின்ன டெஸ்டர் எல்லாம் வாங்கி நானே உக்காந்து ஒன்பது கேபிள் அடிச்சேன். எட்டு கேபிள் 2 மீட்டர், ஒன்னு மட்டும் 28 மீட்டர், கீழ ரவுட்டர்ல இருந்து மாடி ரூமுக்குப் போறது. ஒன்பதையும் டெஸ்டர்ல போட்டேன், 1ல இருந்து 8 வரைக்கும் ரெண்டு பக்கமும் லைட் வரிசையா வருது. சின்னது எட்டும் ஜம்முனு கிகாபிட்ல, அதாவது 1000 எம்பிபிஎஸ்ல ஓடுது. ஆனா அந்த நீளக் கேபிள் லிங்க் வருது போகுது வருது போகுது, சில நேரம் 100 எம்பிபிஎஸ்ல போய் உக்காந்துக்குது. கனெக்டரை மூணு தடவை வெட்டி மாத்திட்டேன், அதே கதை. டெஸ்டரே ஓகேங்கும்போது கேபிள்ல என்ன தப்பு இருக்க முடியும்? நெட்வொர்க் சுவிட்ச்ல கேபிள் சொருகுற போர்ட் போச்சா?

ரேக்_ராசா:
போர்ட் போகல. சொந்தமா அடிச்ச கேபிள்னு சொன்னீங்க பாருங்க, அங்கயே பாதி பதில் இருக்கு. நான் இந்த வேலைதான் பாக்குறேன், கோபப்படாம கேளுங்க. 2 மீட்டர் கேபிளை எல்லாம் யாரும் கையால அடிக்கக் கூடாது, ஃபேக்டரில ரெண்டு முனையும் பிளக் போட்டு செஞ்ச குட்டைக் கேபிள், பேட்ச் கார்டு, வாங்குங்க. நீளமா சுவர்ல போறது எதுவா இருந்தாலும் ரெண்டு முனையிலயும் கீஸ்டோன் ஜாக் (சுவர்ல இருக்கிற சாக்கெட்) வச்சு அதுல கம்பியை அழுத்தி பஞ்ச் பண்ணுங்க, அங்கிருந்து பேட்ச் கார்டு போடுங்க. சாலிட் கம்பில (பல இழை இல்லாம ஒத்தைக் கம்பியா இருக்கிறது) பிளக் அடிச்சு அதை டேபிளுக்கு அடியில தொங்க விட்டு காலால இழுத்துட்டே இருந்தா ஒரு நாள் உள்ள கம்பி முறியும், இல்ல காண்டாக்ட் லூஸாகும். அப்புறம் டெஸ்டரைத் திட்டுவீங்க.

எட்டுக்கம்பி:
ஆரம்பிச்சிட்டாரு அண்ணன். பாவம் அவரு கேட்ட கேள்வி என்ன, நீங்க சொல்ற பதில் என்ன? 28 மீட்டர் கேபிளை குழாய் வழியா இழுக்கணும்னா பிளக்கோட எப்படி இழுக்குறது, முனையை அங்க போய்த்தான் அடிச்சாகணும். ஜாக் நல்லதுதான் நானும் ஒத்துக்குறேன், ஆனா கூரைல மாட்டுற கேமராவுக்கும் வைஃபை ஆக்சஸ் பாயின்டுக்கும் ஜாக் வைக்க எங்க இடம் இருக்கு? அதுக்காகவேதான் 2018ல வந்த டிஐஏ 568.2-டிங்கிற கேபிளிங் ஸ்டாண்டர்ட்லயே ஒரு முனைல ஜாக், இன்னொரு முனைல நேரா பிளக்னு ஒரு வகையைச் சேத்தாங்க. பிளக் அடிக்கிறது பாவம் மாதிரி பேசாதீங்க.

கத்துக்குட்டி, ஒன்னே ஒன்னு சொல்லுங்க. கம்பியை எந்த ஆர்டர்ல வச்சீங்க? பிளக்கோட ஃபோட்டோ இருந்தா போடுங்க.

சும்மா_வந்தவன்:
ஆர்டர்ல என்னங்க இருக்கு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா போதும். கம்பிக்குத் தெரியுமா அது பச்சையா நீலமான்னு? காப்பர் காப்பர்தான். நான் இஷ்டத்துக்கு அடிச்சு பல வருஷமா ஓட்டிட்டு இருக்கேன்.

கேபிள்_கத்துக்குட்டி:
ஃபோட்டோ சரியா வரல அண்ணே. நானும் இவர் சொல்ற மாதிரிதான் நினைச்சேன். ஜோடி ஜோடியா வச்சா அழகா இருக்கேன்னு வெள்ளை-ஆரஞ்ச், ஆரஞ்ச், வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பிரவுன், பிரவுன். ரெண்டு பக்கமும் அதே ஆர்டர். ஒன்பது கேபிள்லயும்.

எட்டுக்கம்பி:
சிக்கிட்டீங்க. அழகா வச்சதுதான் வினை.

சும்மா_வந்தவன் சொல்றதுல கலர் பத்தின பாதி உண்மை. கரண்ட்டுக்கு கலர் தெரியாது, ஆனா எந்தக் கம்பி எந்தக் கம்பியோட முறுக்கிக்கிட்டு போகுதுங்கிறது சிக்னலுக்கு ரொம்பவே தெரியும். ஈத்தர்நெட்ல ஒரு சிக்னல் ஒரு கம்பில போறதில்ல, ஒரு ஜோடில போகுது, ஒன்னுல ஏறும்போது இன்னொன்னுல இறங்கும், வெளிய இருந்து வர்ற இரைச்சல் ரெண்டுலயும் ஒரே மாதிரி ஏறுறதால அந்தப் பக்கம் கழிச்சுப் பாக்கும்போது அடிபட்டுப் போயிடும். இது நடக்கணும்னா அந்த ரெண்டு கம்பியும் கூடவே முறுக்கிக்கிட்டு போகணும். ஜாக்கெட்டை நீளமா உரிச்சுப் பாருங்க, நாலு ஜோடியும் நாலு விதமா முறுக்கி இருக்கும், ஒன்னு நெருக்கமா ஒன்னு தளர்வா. ஒரு ஜோடி பக்கத்து ஜோடியோட சிக்னலைப் பிடிச்சிக்கக் கூடாதுன்னு வேணும்னே செஞ்சது.

இப்ப பின் கணக்குக்கு வாங்க. போர்ட்டுக்குள்ள ஜோடி 1-2, 3-6, 4-5, 7-8. கவனிங்க, 3-4, 5-6 கிடையாது. பழைய டெலிபோன் பிளக்ல நடுவுல இருக்கிற ரெண்டு பின் முதல் லைன், அதைச் சுத்தி வெளிய இருக்கிற ரெண்டு அடுத்த லைன், அந்த வழக்கம் இதுலயும் ஒட்டிக்கிச்சு. நீங்க அடிச்சதுல 3வது பின்ல வெள்ளை-பச்சை, 6வது பின்ல நீலம். ஒரே சிக்னல், ஆனா ரெண்டு கம்பியும் வேற வேற ஜோடில பயணம் பண்ணுது. 4-5லயும் அப்படித்தான், பச்சையும் வெள்ளை-நீலமும். ரெண்டு ஜோடியும் ஒன்னு மேல ஒன்னு பேசிக்கிட்டே போகும். இதுக்குப் பேரு ஸ்ப்ளிட் பேர். உங்க டெஸ்டர் என்ன பண்ணுது, இந்த முனை 3 அந்த முனை 3ல வருதான்னு பேட்டரிய வச்சுப் பாக்குது, வருது, லைட் எரியுது. அது பொய் சொல்லல, நீங்க கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுது.

2 மீட்டர்ல அந்த இரைச்சல் சேர்ற தூரம் கம்மி, சிக்னலும் பலமா இருக்கு, அதனால தப்பிச்சிடுது. 28 மீட்டர்ல மாட்டிக்கிச்சு.

சும்மா_வந்தவன்:
அப்ப நான் ஓட்டுனது எப்படி ஓடுச்சு?

எட்டுக்கம்பி:
இஷ்டத்துக்கு அடிச்சதுல தற்செயலா 3-6 ஒரே ஜோடில விழுந்திருக்கலாம், கேபிள் குட்டையா இருக்கலாம், இல்ல ஓடவே இல்லாம எரர் எண்ணிக்கிட்டு இருக்கலாம். கெட்டுப்போய் வர்ற டேட்டாவை மெஷின் எண்ணி வைக்கிற எரர் கவுன்ட்டரைத் திறந்து பாத்தீங்களா என்னைக்காவது?

அரைத்தூக்கம்:
இந்த கவுன்ட்டர் பேச்சு வந்ததால நானும் உள்ள வரேன். லினக்ஸ் மெஷின் இருந்தா ஈத்டூல்ங்கிற கமாண்ட் போட்டு முதல்ல ஸ்பீட் எவ்வளவுன்னு பாருங்க, அப்புறம் பெரிய எஸ் ஆப்ஷன் (-S) போட்டு சிஆர்சி எரர், அதாவது வழில கெட்டுப்போன டேட்டா எண்ணிக்கை, ஏறுதான்னு பாருங்க. நடுவுல ஐபெர்ஃப்ங்கிற ஸ்பீட் டெஸ்ட் புரோகிராம் வச்சு ரெண்டு பக்கமும் அரை மணி நேரம் முழு லோடு ஓட்டுங்க. கிகாபிட்ல எல்லாம் ஒழுங்கா இருந்தா 940 எம்பிபிஎஸ் பக்கத்துல நிக்கும், எரர் பூஜ்யத்துல இருக்கும். லினக்ஸ் கெர்னல் 5.8ல இருந்து ஈத்டூல்லயே கேபிள் டெஸ்ட்னு ஒன்னு இருக்கு, நெட்வொர்க் சிப் சப்போர்ட் பண்ணா எந்த ஜோடி ஓபன், எந்த ஜோடி ஷார்ட், எத்தனை மீட்டர்லன்னு அதுவே சொல்லும். அந்த லைட் டெஸ்டரைத் தூக்கிப் போட்டுட்டு இதையே டெஸ்டா வச்சிக்கலாம், என் கருத்து.

ரேக்_ராசா:
இதையும் ஒத்துக்க மாட்டேன். ஐபெர்ஃப் பாஸ் ஆச்சுன்னா இன்னைக்கு, இந்த ரெண்டு மெஷினுக்கு நடுவுல, இந்த ஸ்பீட்ல ஓடுச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான். எவ்வளவு மிச்சம் வச்சு பாஸ் ஆச்சுன்னு அது சொல்லாது. விளிம்புல நிக்கிற கேபிள் நாளைக்கு 2.5 கிகாபிட் சுவிட்ச் மாத்தினதும் விழும். நாங்க கேபிள் ஸ்டாண்டர்டுக்கு ஏத்த மாதிரி இருக்குன்னு சர்டிஃபை பண்றப்ப கேட்6ன்னா 250 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஒவ்வொரு அலைவரிசையிலயும் ஜோடிக்கு ஜோடி எவ்வளவு கசியுது, எவ்வளவு திரும்பி வருது, எவ்வளவு தேயுதுன்னு அளந்து, லிமிட்ல இருந்து எத்தனை டெசிபல் தள்ளி இருக்குன்னு எழுதித் தருவோம். அதுதான் டெஸ்ட். மத்ததெல்லாம் தொட்டுப் பாக்குறது.

அரைத்தூக்கம்:
அண்ணே ஒரு வீட்டுக்கு ஒரு கேபிளுக்கு அப்படி அளக்குற ஃப்ளூக் கம்பெனி சர்டிஃபையர் மெஷின் வாங்கச் சொல்றீங்களா? அந்த மெஷின் விலைக்கு வீடு பூரா கண்ணாடி இழை இழுத்துட்டு மிச்சத்தை பேங்க்ல போடலாம்.

ரேக்_ராசா:
வாங்கச் சொல்லலப்பா. ஆனா ஸ்ப்ளிட் பேர் கண்டுபிடிக்கிற வயர்மேப் டெஸ்டர்னு நடுத்தர ரகம் இருக்கு, முனைல லைட் எரியுதான்னு பாக்குறதோட நிக்காம ஜோடிக்கு நடுவுல கசிவையும் பாக்கும், உடைஞ்ச இடம் எத்தனை மீட்டர்னும் சொல்லும். அதாவது ஒரு துடிப்பை அனுப்பி எதிரொலி எப்ப திரும்புதுன்னு பாக்குறது. ஒன்பது கேபிள் அடிக்கிறவரு அதை இரவல் வாங்கலாம். இல்லன்னா டெஸ்டரே இல்லாமலும் கண்டுபிடிக்கலாம், கண்ணை வச்சு. ஆர்டரை வாய்விட்டுப் படிச்சா இந்தத் தப்பு நடந்தே இருக்காது.

எட்டுக்கம்பி:
கடைசி வரி மட்டும் நூத்துக்கு நூறு, அதை மட்டும் கல்வெட்டுல வெட்டலாம்.

கத்துக்குட்டி, ஸ்டாண்டர்ட்ல சொல்ற ரெண்டு ஆர்டர்ல (டி568ஏ, டி568பி) டி568பி இதுதான்: வெள்ளை-ஆரஞ்ச், ஆரஞ்ச், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பிளக்கோட கிளிப் கீழ, கம்பி நுழையுற பக்கம் உங்களைப் பாத்து, இடமிருந்து வலம். ஏ ஆர்டர்ல ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும், எது வேணா வைங்க, ரெண்டு முனையும் ஒன்னா இருக்கட்டும். ஒரு பக்கம் ஏ, ஒரு பக்கம் பி வச்சா அது பழைய கிராஸ் கேபிள், இப்ப இருக்கிற போர்ட் எல்லாம் தானா மாத்திக்கும், அதனால அது பிரச்சனையும் இல்ல, தேவையும் இல்ல.

அப்புறம் முறுக்கைப் பிரிக்கிறது 13 மில்லிமீட்டருக்கு மேல போகவே கூடாது. நிறைய பேர் ஒரு விரல் நீளத்துக்குப் பிரிச்சு வச்சு சீப்பு மாதிரி சீவுறாங்க. சீவணும்னா நீளமா சீவிட்டு நேரா வெட்டிக் குட்டையாக்குங்க. ஜாக்கெட் பிளக்குக்குள்ள போயி அந்தப் பிளாஸ்டிக் நாக்கு ஜாக்கெட்டைக் கடிக்கணும், கம்பியை இல்ல. கம்பி முனை பிளக் மூக்கு வரைக்கும் போயிருக்கான்னு முன்னாடி இருந்து பாத்தா எட்டு செம்புப் புள்ளி தெரியணும்.

ரேக்_ராசா:
செம்புன்னா ஞாபகம் வருது. அந்தக் கம்பி முனையைக் கத்தியால கொஞ்சம் சுரண்டிப் பாருங்க. உள்ளயும் செம்பு கலரா, வெள்ளையா?

கேபிள்_கத்துக்குட்டி:
இப்பதான் சுரண்டினேன். உள்ள வரைக்கும் சிவப்புதான்.

ரேக்_ராசா:
தப்பிச்சீங்க. வெள்ளையா வந்திருந்தா அலுமினியத்துக்கு மேல செம்பு பூசின சிசிஏ, கேட்6னு ஜாக்கெட்ல அடிச்சு விக்கிறாங்க, ஆனா எந்த கேட்டகரி ஸ்டாண்டர்ட்லயும் அது சேராது. அதே தடிமன்ல ரெசிஸ்டன்ஸ் பாதிக்கு மேல கூட, வளைச்சா சீக்கிரம் ஒடியும், பிஓஇ கரண்ட் (நெட்வொர்க் கேபிள் வழியாவே கேமரா மாதிரி சாதனத்துக்குக் குடுக்கிறது) போட்டா சூடும் ஏறும், அந்த முனைல வோல்டேஜும் இறங்கும். லைட் டெஸ்டர் அதுக்கும் பச்சைக் கொடி காட்டும். கனெக்டரையும் பாருங்க, கேட்6 கம்பி பெரும்பாலும் 23 கேஜ் தடிமன், மேல உறை தடியா இருக்கும், அதுக்கு முந்தின தரமான கேட்5இ பிளக்ல திணிச்சா ஒன்னு ரெண்டு கம்பி பாதிலயே நின்னுடும்.

கேபிள்_கத்துக்குட்டி:
கேட்6 பிளக்தான் அண்ணே, அது ஒன்னாவது ஒழுங்கா வாங்கினேன்.

நீளக் கேபிளோட மாடி முனையை வெட்டி பி ஆர்டர்ல அடிச்சிட்டேன். ஆனா இப்ப டெஸ்டர்ல லைட் 1, 2, 3, 6, 5, 4, 7, 8ன்னு தாவுது. முன்னாடி நல்லா இருந்ததை நானே கெடுத்துட்டேனா?

எட்டுக்கம்பி:
ஹாஹா, இல்ல, இப்பதான் டெஸ்டர் உண்மையைச் சொல்லுது. ஒரு முனை பி, இன்னொரு முனை பழைய அழகு ஆர்டர், நீலமும் பச்சையும் மாறி உக்காந்திருக்கு, அதான் 4ம் 6ம் தாவுது. கீழ முனையையும் மாத்துங்க.

அரைத்தூக்கம்:
மாத்தினதும் நைட் முழுக்க லோடு ஓட விட்டுத் தூங்குங்க, காலைல எரர் எத்தனைன்னு சொல்லுங்க.

கேபிள்_கத்துக்குட்டி:
காலை வணக்கம். 938 எம்பிபிஎஸ், ராத்திரி முழுக்க, லிங்க் ஒரு தடவை கூட விழல, சிஆர்சி எரர் 0. எட்டுக்கம்பி அண்ணனுக்குக் கோடி நன்றி, ராசா அண்ணனுக்கு சுரண்டச் சொன்னதுக்கு நன்றி.

இப்ப அந்த 2 மீட்டர் கேபிள் எட்டையும் என்ன பண்றது? ஓடுதே, அப்படியே விட்டுடவா?

சும்மா_வந்தவன்:
ஓடுறதை ஏன்யா தொடுறீங்க.

ரேக்_ராசா:
கவுன்ட்டரைப் பாத்துட்டுப் பேசட்டும். என்னைக் கேட்டா எட்டையும் குப்பைல போட்டுட்டு எட்டு பேட்ச் கார்டு.

எட்டுக்கம்பி:
கேபிள் நல்ல கேபிள், எதுக்குக் குப்பை? ரெண்டு முனையும் வெட்டினா கொஞ்சம்தான் குறையும். ஆனா விடாதீங்க. ஒரு நாள் அதுல ஒன்னை எடுத்து எதையோ நீட்டிக்க நடுவுல ஜாயின்ட் போடுவீங்க, அன்னைக்கு எங்க தப்புன்னு தேடி ராத்திரி போயிடும்.

அரைத்தூக்கம்:
சின்னதுலயும் எரர் பாத்தீங்களா?

கேபிள்_கத்துக்குட்டி:
பாத்தேன். ஏழுல 0. டிவிக்குப் பின்னாடி சுருட்டி வச்ச ஒன்னுல மட்டும் 4,112, அதுவும் ஏறிட்டே இருக்கு.

சும்மா_வந்தவன்:
...சரி, நான் போய் என் வீட்டு ஆர்டரைப் பாத்துட்டு வரேன்.

கேபிள்_கத்துக்குட்டி:
பாக்கெட்ல மிச்சம் 11 பிளக்தான் இருக்கு, எட்டு கேபிளுக்கு 16 வேணும். டிவி கேபிள்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.