ஏற்காட்டுல ஒரு லாட்: பழைய பிஎஸ்1, பிஎஸ்2 டிஸ்க் ஒரிஜினலான்னு எப்படிப் பார்க்கறது?

அஞ்சுரோடு_கேமர்

ஏற்காட்டுல ஒருத்தர் பிஎஸ்1, பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 1, 2) கேம் டிஸ்க் நாப்பது சொச்சம் மொத்தமா குடுக்கறார். எல்லாம் ஐரோப்பா பதிப்பு, பெட்டி புக்லெட்டோட. போட்டோவுல பிஎஸ்1 எல்லாம் அடிப்பக்கம் கறுப்பு. பிஎஸ்2-ல சிலது நீலம், மத்தது வெள்ளி. "உக்காந்து பார்த்துட்டு அப்புறம் பணம் குடுங்க"ன்னு சொல்லிட்டார். அவர்கிட்டயே ஒரு பிஎஸ்1 ஓடற நிலையில இருக்கு. ஒரு மத்தியானத்துக்குள்ள என்னென்ன பார்க்கணும், என்ன எடுத்துட்டுப் போகணும்? டேட்டா எடுத்து, ரீடம்ப்ங்கற டிஸ்க் விவரத் தளத்தோட பட்டியல்ல இருக்கற ஹாஷ் (டேட்டாவோட கைரேகை மாதிரி ஒரு எண்) ஒத்துப்போனா போதுங்களா?

வளையக்கண்

போதாதுங்க. ஹாஷ் உள்ளே இருக்கற டேட்டாவுக்குத்தான் சாட்சி. ஒழுங்கா எடுத்த காப்பியை டிவிடி-ஆர்ல (வீட்டுல எழுதற காலி டிவிடி) எழுதினாலும் அதே ஷா-1 ஹாஷ்தான் வரும். அதே மாதிரி ஹாஷ் ஒத்துப்போகலைன்னா போலின்னும் சொல்லிட முடியாது, கீறல் விழுந்த ஒரிஜினலும் தப்பாத்தான் படிக்கும்.

அடிப்பக்கக் கறுப்பையும் நம்பாதீங்க, கறுப்பு சிடி-ஆர் தனியாவே வித்தாங்க. பிஎஸ்2-ல நீலம்னா சிடியில வந்த கேம், வெள்ளின்னா டிவிடி, அது சரிதான். ஊதா சாயல் அடிக்கற டிவிடின்னா சந்தேகப்படலாம்.

பார்க்க வேண்டிய இடம் நடு ஓட்டையைச் சுத்தி இருக்கற வளையம். 10 எக்ஸ் லூப் (பத்து மடங்கு பெரிசாக் காட்டற லென்ஸ்) ஒண்ணு வாங்கிக்கங்க, செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிப் பட்டறைச் சாமான் விக்கற கடையில கேளுங்க. டேட்டா தொடங்கற இடத்துக்கும் ஓட்டைக்கும் நடுவுல கண்ணாடி மாதிரி ஒரு பட்டை இருக்கும். அதுல மேட்ரிக்ஸ் எண்ணும், "ஐஎஃப்பிஐ எல்"னு (IFPI L) தொடங்கற மாஸ்டரிங் குறியீடும் இருக்கும். இன்னும் உள்ளே, பிளாஸ்டிக்கிலேயே, பொடி எழுத்துல அச்சு வார்ப்புக் குறியீடு. அது "எல்"னு தொடங்காது. டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் தெரியும்.

இந்தக் குறியீட்டு முறை 1994-ல வந்தது. அதனால ரொம்ப ஆரம்ப கால ஜப்பான் டிஸ்க்குல இல்லைன்னா பதற வேண்டாம். இன்னொண்ணு, சில காலி சிடி-ஆர்லயும் ஐஎஃப்பிஐ எழுத்து இருக்கும், அதுவும் அச்சுல வார்த்ததுதானே. எழுத்து இருக்கான்னு பார்க்கறது பாதி வேலைதான். அது அந்த கேமோட எழுத்தான்னு பார்க்கணும். ரீடம்ப் பதிவுகள்ல ஹாஷோட வளைய எழுத்தும் போட்டிருப்பாங்க, அதோட ஒப்பிடுங்க. நீங்க தேட வேண்டியது அந்தப் பத்தியைத்தான். மறுஅச்சு இருந்தா எண் வேறயா இருக்கும், பட்டியல்ல இல்லாத ஒண்ணும் வரலாம். ஆனா எழுத்தோட பாணி ஒத்துப்போகும்.

லேப்டாப்போட யூஎஸ்பி டிவிடி ரைட்டர் எடுத்துட்டுப் போங்க. வெறும் ரீடர்னா ஏடிஐபியை (எழுதற காலி சிடியோட தடத்துல முன்கூட்டியே இருக்கற தகவல்) படிக்காம விட்டுடலாம். இம்க்பர்ன்ங்கற மென்பொருள்ல ரீட் பகுதிக்குப் போய் டிஸ்க்கைப் போட்டா வலப்பக்கம் விவரம் வரும். சிடியில ஏடிஐபி வந்தா அது சிடி-ஆர், மேல பேச்சில்லை. டிவிடியில புக் டைப்பை (தான் என்ன வகைன்னு டிஸ்க் சொல்லிக்கறது) மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க; டிவிடி+ஆர்ல அதை டிவிடி-ரோம்னு மாத்தி எழுத முடியும். காலி டிஸ்க் தயாரிப்பாளர் குறியீடு ஏதாவது வருதான்னு பாருங்க, வந்தா அது எழுதின காப்பி.

அஞ்சுரோடு_கேமர்

நன்றிங்க. ஏடிஐபி வரலைன்னா ஒரிஜினல்னு எடுத்துக்கலாமா?

மாடிஃபை_வேண்டாம்

கூடாதுங்க. ஃபேக்டரியில அழுத்தின திருட்டு டிஸ்க் உண்டு. அதுவும் அலுமினியம்தான், ஏடிஐபி இருக்காது. பிஎஸ்1-க்கு அங்கதான் கன்சோல் தேவைப்படுது.

பிஎஸ்1 ஒரிஜினல்ல, டிஸ்க்கோட தொடக்கப் பகுதியில தடமே லேசா அலையும். அந்த அலைவுக்குள்ள நாலு எழுத்து இருக்கும்: ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஜப்பானுக்கு எஸ்சிஇஐ. சிடி-ஆர்ல தடம் முன்கூட்டியே போட்டு வர்றதால ரைட்டர் அதைத் திருத்த முடியாது. காப்பியை ஓட்டறதுக்கான சிப் போடாத கன்சோல் அந்த எழுத்தைத் தேடும், இல்லைன்னா ஓட்டாது.

அதனால முதல்ல அவர் கன்சோலையே சோதிக்கணும். காப்பின்னு உறுதியாத் தெரிஞ்ச சிடி-ஆர் ஒண்ணு கொண்டு போய்ப் போடுங்க. அது ஓடிட்டா கன்சோல்ல சிப் இருக்கு, அந்தக் கன்சோலை வெச்சு எதையும் தீர்மானிக்க முடியாது. மெமரி கார்டைக் கழட்டிடுங்க, கார்டு வழியாவே காப்பியை ஓட்டற வழி இருக்கு. ஆன் பண்ணினதுலேர்ந்து மூடியைத் திறக்க விடாதீங்க, டிஸ்க் மாத்தற பழைய வித்தை அங்கதான் நடக்கும்.

சுத்தமான கன்சோல்ல ஓடினா பிஎஸ்1-க்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஓடலைன்னா போலின்னு உடனே முடிவு கட்டாதீங்க. வேற நாட்டு கன்சோலா இருக்கலாம், லென்ஸ் தேய்ஞ்சிருக்கலாம்.

பிஎஸ்2-க்கு லேப்டாப்பிலேயே இன்னொரு வேலை: டிஸ்க்கைத் திறந்து சிஸ்டம் டாட் சிஎன்எஃப் ஃபைலை நோட்பேட்ல பாருங்க. ஒரிஜினல் ஐரோப்பா டிஸ்க்னா எஸ்எல்இஎஸ் இல்லைன்னா எஸ்சிஇஎஸ்னு தொடங்கற எண், லேபிள்ல இருக்கறதே உள்ளேயும் இருக்கணும். லேபிள்ல எஸ்எல்இஎஸ், உள்ளே அமெரிக்காவோட எஸ்எல்யூஎஸ்னு இருந்தா திருட்டு வேலை வெளிச்சமாயிடும். கொள்ளளவும் காட்டிக்குடுக்கும். காட் ஆஃப் வார் 2 ரெண்டு அடுக்கு டிவிடி. 4.7 ஜிபி டிஸ்க்குல அது இருந்தா, எதையோ வெட்டிட்டு அடைச்சிருக்காங்க.

அட்டைப்பிரியன்

அட்டையைப் பத்தி யாரும் சொல்லலை. ஒரிஜினல் டிஸ்க்கைப் போலி அட்டையோட சேர்த்து "முழு செட்"னு விக்கறதுதான் அதிகம். அதே லூப்பால பொடி கறுப்பு எழுத்தைப் பாருங்க. ஒரிஜினல்ல எழுத்து ஒரே கறுப்பு மையில, ஓரம் கூர்மையா இருக்கும். ஸ்கேன் பண்ணி அடிச்சதுல எழுத்துக்குள்ளேயே சிவப்பு, நீலம், மஞ்சள் புள்ளி தெரியும். புற ஊதா விளக்கு வாங்கச் சொல்வாங்க, காசு தண்டம். அந்தக் காலத்துக் காகிதத்துலயும் பளபளப்பு ரசாயனம் இருந்தது. ஐரோப்பா பிஎஸ்1 பெட்டி சாதா சிடி பெட்டியை விடத் தடிமன். மெல்லிசா இருந்தா பெட்டி மாத்தினதா இருக்கலாம்.

வளையக்கண்

ஏற்காடுங்கறதால இதையும் சேர்த்துக்கங்க. ஒரிஜினல்னு உறுதியானாலும் ஈரத்துல அரிச்சிருக்கலாம். வெள்ளி டிஸ்க்கை பல்புக்கு எதிர்ல பிடிச்சா ஊசிப்பொத்தல் தெரியும். கறுப்புல எளிதில் தெரியாது, அதை முழுசாப் படிக்க வெச்சுத்தான் பார்க்கணும். சிடியில அலுமினியம் லேபிளுக்கு நேர் அடியிலேயே இருக்கறதால மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. அடிப்பக்கக் கீறலை பாலிஷ் பண்ணிடலாம், மேல்பக்கம் போனா போச்சு. டிவிடியில அது ரெண்டு தகட்டுக்கு நடுவுல, பரவாயில்லை. நாப்பதையும் முழுசாப் படிக்க ஒரு மத்தியானம் பத்தாது. வளையத்தை எல்லாத்துலயும் பாருங்க, முழு வாசிப்பை விலை அதிகமுள்ள அஞ்சாறுக்கு மட்டும் வெச்சுக்கங்க. குளிர்ல இருந்ததைச் சேலத்துக்குக் கொண்டுவந்ததும் உடனே டிரைவ்ல போடாதீங்க, அரை மணி விடுங்க. மேல பனி பூத்தா நல்ல டிஸ்க்கும் பிழை காட்டும்.