பிறருக்காகச் செய்யும் பிரார்த்தனை பலிக்குமா?

கேள்வி:
நோயுற்றவருக்காகப் பிறர் நம்பிக்கையோடு வேண்டினால் குணமாகும் என்பதை எவரேனும் முறையாகச் சோதித்திருக்கிறார்களா?

மறுமொழி 1:
சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவுகளாக்கி, மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் தலைமையிலான குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. தமக்காகப் பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று மட்டும் சொல்லப்பட்டவர்களில், பிரார்த்தனை பெற்றோருள் 52 விழுக்காட்டினருக்கும் பெறாதோருள் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. பிரார்த்தனை நடப்பதை உறுதியாக அறிந்திருந்தவர்களிடமோ அது 59 விழுக்காடாக இருந்தது. பிறர் கூடி வேண்டும் அளவுக்கு நம் நிலை மோசமா என்ற பதற்றம் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தனர். தற்செயலாகவும் இருக்கலாம்.

மறுமொழி 2:
அந்த முடிவை ஏற்க நான் தயங்குகிறேன். வேண்டியவர்கள் நோயாளியின் முதற்பெயரையும் குடும்பப் பெயரின் முதலெழுத்தையும் மட்டுமே அறிந்த அந்நியர்கள். உற்றார் உறவினரின் வேண்டுதலை எவரும் தடுக்கவுமில்லை. ஆகவே பிரார்த்தனையே பெறாத பிரிவு என்று ஒன்று உண்மையில் இருந்ததா? இறைவனைச் சோதிக்கலாகாது என்று விவிலியமே கூறுவதையும் மறக்கலாகாது.

மறுமொழி 3:
உறவினரின் வேண்டுதல் மூன்று பிரிவினருக்கும் பொதுவாக இருந்திருக்கும் என்பதால், ஆய்வு அளந்தது அந்நியர்கள் கூடுதலாகச் செய்த பிரார்த்தனையின் பயனை மட்டுமே. அதில் பயன் தென்படவில்லை என்பது வரையில் முடிவு சரியானதே. 1872இலேயே ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன், நாடே நீண்ட ஆயுள் வேண்டித் தொழுத மன்னர்கள் பிற செல்வந்தர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்ததாகக் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் வேண்டுபவரின் மனம் பெறும் ஆறுதலை இவற்றில் எதுவும் அளக்கவில்லை.