புதுப்பிப்பு: டூரிங் பைக்குக்கு குரோம் போட்டேனா, இல்லையா?

நெடுந்தூரம் ஓட்டும் பைக்குக்கு குரோம் பாகங்கள் (பளபளக்கும் குரோமிய முலாம் பூசிய உலோகப் பாகங்கள்) சேர்க்கலாமா என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"மொத்தமாக வாங்காதே, ஒன்றிரண்டு போட்டு ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. எஞ்சின் கார்டும் (பைக் சாய்ந்தால் எஞ்சினைக் காக்கும் கம்பி), ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் மூடியும் மட்டும் போட்டேன்.

கார்டு பரவாயில்லை. ஆனால் கீழ்ப்பக்க வெல்டிங் ஓரத்தில், முன்சக்கரம் சேற்றை வாரியடிக்கும் இடத்தில், கடுகளவு துருப்புள்ளிகள். அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன், போய்விட்டது. குரோமைவிட அலுமினியம் மென்மை என்பதால் கீறல் விழவில்லை. அப்புறம் மெழுகு பூசினேன். முலாம் உரிந்த இடத்தில் இந்த வித்தை பலிக்காது, அங்கே துரு திரும்ப வரும்.

எதிர்பாராதது கிளாம்ப் மூடிதான். உச்சி வெயிலில் அதன் பளபளப்பு நேராகக் கண்ணில் குத்தியது. யாரும் இதைச் சொல்லவில்லையே! கழற்றிவிட்டு மங்கிய கறுப்பு மூடி போட்டாயிற்று.

சைலன்சர் மூடி வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். துடைக்கவே பொழுது போதாது.