அதிபரைக் காணோம்! கிளின்டன் எழுதிய திரில்லரைப் படித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளின்டனும் திரில்லர் எழுத்தாளர் ஜேம்ஸ் பேட்டர்சனும் சேர்ந்து எழுதிய ‘தி பிரசிடென்ட் இஸ் மிஸ்ஸிங்’ நாவலை இப்போதுதான் முடித்தேன். 2018 ஜூனில் வந்த புத்தகம், நான் ரொம்பத் தாமதம். ஆனால் யாரிடமாவது இதைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும் போலிருக்கிறது, வீட்டில் யாரும் காது கொடுக்கத் தயாராக இல்லை. படித்தவர்கள் வாருங்கள். துரோகி யார் என்பதை மட்டும் தயவுசெய்து போட்டு உடைக்காதீர்கள்.

ஆரம்பமே பிரமாதம். அதிபர் ஜொனாதன் டங்கனைப் பிரதிநிதிகள் சபைக் குழு குடைந்து எடுக்கிறது. சுலிமான் சிண்டோருக் என்ற பயங்கரவாதியோடு போனில் பேசினாரா, அல்ஜீரியாவில் அவனைக் கொல்ல வந்தவர்களை இவரே ஆள் அனுப்பித் தடுத்தாரா என்று கேள்வி மேல் கேள்வி. ஆமாம் என்றால் பதவி போகும், இல்லை என்றால் பொய், ஏன் செய்தேன் என்று விளக்கினாலோ நாடே போகும். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்புறம்தான் தெரிகிறது, அது நிஜ விசாரணை இல்லை, அவருடைய ஆட்களே எதிர்க்கட்சிக்காரர்களாக நடித்து அவரைத் தயார் செய்யும் ஒத்திகை என்று. அந்த ஒத்திகையிலேயே அவருக்குக் கோபம் தலைக்கேறிவிடுகிறது.

இந்த இடத்தைப் பேட்டர்சன் எழுதியிருக்க முடியாது என்பது என் ஊகம். 1998 டிசம்பரில் அதே சபையால் பதவி நீக்கக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, 1999 பிப்ரவரியில் செனட்டில் தப்பித்த மனிதருக்குத்தான் அந்த நாற்காலியின் சூடு தெரியும். ஆனால் கதாநாயகனைப் பாருங்கள்! வளைகுடாப் போர் வீரர், ஈராக்கில் சிறைப்பட்டுச் சித்திரவதை அனுபவித்தவர், மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், ஒழுக்கத்தில் ஒரு கறை கிடையாது. கிளின்டன் தன்னிடம் இல்லாததையெல்லாம் இவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

எனக்கு உண்மையில் பதற்றம் கொடுத்தது துப்பாக்கிச் சண்டைகள் இல்லை, அவருடைய ரத்த நோய். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன, எப்போது வேண்டுமானாலும் உள்ளுக்குள் ரத்தம் கசியலாம், சிகிச்சை எடுத்தால் தலை தெளிவாக இருக்காது, தெளிவில்லாத நேரத்தில் துணை அதிபரிடம் பொறுப்பைக் கொடுக்கவேண்டும், துணை அதிபரை நம்பலாமா என்பதே தெரியாது. ஒரு மருந்து ஊசியைச் சுற்றி இவ்வளவு அரசியலா! புத்தகம் முழுக்க இப்படியே போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் பேஸ்பால் மைதானம், பாலத்தில் தாக்குதல், காட்டு வீட்டு முற்றுகை என்று வழக்கமான பாதையில் ஓட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் முன்னால் ஒரு நீண்ட உரை வேறு. அங்கே டங்கன் மறைந்து கிளின்டனே மேடை ஏறிவிடுகிறார்.

* * *

நானும் படித்தேன். சர்வர் பராமரிப்பு வேலையில் இருப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கதையில் வரும் ‘டார்க் ஏஜஸ்’ வைரஸ் அமெரிக்காவில் இருக்கும் எல்லாக் கருவிகளிலும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, குறிப்பிட்ட நேரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடும். வங்கிக் கணக்கு, மருத்துவமனைப் பதிவு, மின்சாரம், குடிநீர் என்று எது எதெல்லாம் நிற்கும் என அடுக்கிக்கொண்டே போகும் இடம் ஒன்று உண்டு, படித்தவர்களுக்கு நினைவிருக்கும். என்னோடு படித்த நண்பர் ஒருவர் அதைப் ‘பூச்சாண்டி’ என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2017 ஜூன் 27 அன்று நான் இரவுப் பணியில் இருந்தேன். நாட்பெட்யா என்ற கணினி வைரஸ் பரவிய நாள். அது பணம் கேட்கும் வைரஸ் மாதிரி வேஷம் போட்டதே தவிர, காசு கொடுத்தாலும் எதுவும் திரும்பி வராது, அழிப்பது ஒன்றுதான் அதன் வேலை. உக்ரைனில் கணக்கு எழுதப் பயன்படும் ஒரு மென்பொருளின் அப்டேட் வழியாகக் கிளம்பி உலகம் பூராவும் போனது. எங்களுக்கு அடி விழவில்லை, ஆனால் எங்கே எதைத் துண்டிப்பது என்று தெரியாமல் விடிய விடிய போனில் கத்திக்கொண்டிருந்தோம்.

அதில் மாட்டிய மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கதை இந்த நாவலை விடச் சுவாரசியம். 4,000 சர்வர்கள், 45,000 கணினிகளில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. யார் யாருக்கு என்ன அனுமதி என்று வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் உலகம் முழுக்க அழிந்துபோயின. கானாவில் ஒன்று மட்டும் பிழைத்தது. எப்படி? தாக்குதலுக்குச் சற்று முன்னால் அங்கே கரண்ட் போய்விட்டதாம்! அதை லண்டன் பக்கம் கொண்டுவர கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை, அதனால் ஒருவர் நைஜீரியா வரை பறந்துபோய் இன்னொருவர் கையில் கொடுத்திருக்கிறார். இதை ஒரு நாவலாசிரியர் எழுதினால் ‘நம்புற மாதிரி இல்லையே’ என்போம்.

என் குறை அபாயத்தைப் பற்றியது இல்லை, அதைத் தீர்க்கும் விதத்தைப் பற்றியது. கடைசியில் கடிகாரம் ஓட ஓட, உலகத்தின் சிறந்த நிபுணர்கள் ஓர் அறையில் கூடிக் கடவுச்சொல்லை யூகித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். நிஜத்தில் மீட்பு என்பது தூக்கமில்லாத ஆட்கள், பழைய பேக்கப், நிறைய டீ. எழுதினால் நன்றாகத்தான் இருக்கும், யாரும் எழுதுவதில்லை.

* * *

எல்லாரும் ரொம்ப எதிர்பார்க்கிறீர்கள். மின்சார ரயிலில் நின்றுகொண்டு படிக்க இதைவிட நல்ல புத்தகம் எனக்குக் கிடைக்கவில்லை. நூற்றுக்கும் மேல் அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பக்கம், ஸ்டேஷன் வருவதற்குள் ஒன்று முடிந்துவிடும், அடுத்ததின் முதல் வரியைப் பார்த்தால் இறங்க மனசு வராது. கடவுச்சொல் காட்சி தப்பாகவே இருக்கட்டும், எனக்கு அது தெரியவும் இல்லை, தெரிய வேண்டியதும் இல்லை.

எனக்குப் பிடித்தது பாக் என்ற கொலைகாரி. காதில் ஜெர்மன் இசைமேதை பாகின் இசையைக் கேட்டுக்கொண்டே வேலையை முடிக்கும் பெண். போஸ்னியப் போரில் நடந்த சரயேவோ முற்றுகையில் சிறுமியாக அவள் பார்த்ததைச் சொல்லும் பக்கங்களைப் படித்தபோது கொஞ்ச நேரம் அதிபரையே மறந்துவிட்டேன். கடைசிப் பகுதியில் அவளை ஓரங்கட்டிவிட்டார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அவளை வைத்துத் தனி நாவல் எழுதியிருக்கலாம். அதை விட்டுவிட்டு 2021-ல் இரண்டு பேரும் சேர்ந்து வேறொரு அதிபரையும் அவர் மகளையும் வைத்து எழுதினார்கள்.

* * *

நான் இருப்பது வர்ஜீனியாவில், வேலைக்கு வாஷிங்டன் போய் வருகிறேன். அதிபர் தொப்பியை மாட்டிக்கொண்டு தனியாக நேஷனல்ஸ் பார்க்கில் போய் உட்காரும் காட்சி பற்றி யாராவது கேட்பீர்கள் என்று நினைத்தேன். அந்த மைதானத்துக்கு நேவி யார்டு மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி நானும் போயிருக்கிறேன். பையைத் திறந்து காட்டி, மெட்டல் டிடெக்டரில் நுழைந்துதான் உள்ளே போனேன். சரி, கதை. ஆனால் இங்கே அதிபர் ஒரு ஓட்டலுக்குச் சாப்பிடப் போனால்கூடத் தெருவையே மூடிவிடுவார்கள், மோட்டார் சைக்கிள்கள், கறுப்பு வண்டிகள், பின்னால் ஆம்புலன்ஸ் என்று வரிசை போய்க்கொண்டே இருக்கும், நாம் பஸ்ஸுக்குள் மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதைப் பார்த்துப் பழகியவனுக்கு அவர் தனியாகக் கிளம்பும் அத்தியாயம் சிரிப்பைத்தான் வரவழைத்தது.

* * *

நீங்கள் சொல்வது சரிதான் தம்பி, ஆனால் அதிபர் காணாமல் போவது அப்படி ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. 2003 நவம்பரில் ஜார்ஜ் புஷ் டெக்சாஸ் பண்ணை வீட்டிலிருந்து பேஸ்பால் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு சாதாரண வண்டியில் கிளம்பி பாக்தாத் போய்த் திரும்பினார். அதற்கும் முன்னால் 1893-ல் அதிபர் குரோவர் கிளீவ்லாண்ட் வாயில் இருந்த கட்டியை ஒரு படகில் வைத்து ரகசியமாக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார், முழு விவரம் அவர் இறந்து பல வருடம் கழித்து 1917-ல்தான் வெளியே வந்தது. 1919-ல் அதிபர் வில்சனுக்குப் பக்கவாதம் வந்தபோது யார் அவரைப் பார்க்கலாம், எந்தக் காகிதம் உள்ளே போகலாம் என்பதையெல்லாம் அவர் மனைவிதான் தீர்மானித்தார். வெள்ளை மாளிகைக்குள்ளேயே அதிபரைக் காணோம்! கிளின்டன் இதையெல்லாம் அறியாதவரா என்ன.

என் கருத்து, இந்த வகைக் கதையில் மன்னன் பிளெட்சர் நெபல். பத்திரிகைக்காரர். சார்ல்ஸ் பெய்லியோடு சேர்ந்து 1962-ல் அவர் எழுதிய ‘செவன் டேஸ் இன் மே’யை மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த நிலையில் வாங்கினேன், அந்தக் கட்டடம் எரிவதற்கு முன்னால். சோவியத்தோடு அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் போட்டதால் செல்வாக்கு இழந்த அதிபர் லைமன். அவரைக் கவிழ்க்கத் திட்டமிடும் தளபதி ஸ்காட். அதைத் தற்செயலாகக் கண்டுபிடிக்கும் கர்னல் கேசி, தன் மேலதிகாரி மேல் தானே புகார் சொல்லவேண்டிய நிலை. கேசிக்கு முதலில் சந்தேகம் வருவது எதில் தெரியுமா? குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டச் சொல்லித் தளபதிகளுக்குள் போய்வரும் தந்திகளில். அவ்வளவுதான், குண்டுவெடிப்பு கிடையாது. ஆனால் லைமன் நம்பக்கூடியவர்கள் யார் யார் என்று விரல் விட்டு எண்ணும்போது நமக்கு வியர்க்கும். அப்போதைய அதிபர் கென்னடிக்கு இந்தப் புத்தகம் பிடித்திருந்தது, படம் எடுக்க வெள்ளை மாளிகைப் பக்கமிருந்து ஒத்துழைப்பும் கிடைத்தது.

அதே நெபல் 1965-ல் தனியாக எழுதியது ‘நைட் ஆஃப் கேம்ப் டேவிட்’. ஓர் இளம் செனட்டரை அதிபர் நடுராத்திரியில் தன் ஓய்வு மாளிகையான கேம்ப் டேவிட்டுக்குக் கூப்பிடுகிறார், விளக்கை அணைத்துவிட்டுப் பேசுகிறார், நாட்டில் எல்லாருடைய போனையும் ஒட்டுக்கேட்கச் சட்டம் வேண்டும் என்கிறார். அதிபருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று செனட்டருக்கு மட்டும்தான் தெரிகிறது. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் இவருக்குத்தான் பைத்தியம் என்பார்கள். அந்தப் புத்தகம் வந்தபோது அதிபரைச் செயல்பட முடியாதவர் என்று அறிவிக்க வழி சொல்லும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 25-வது திருத்தம் அமலுக்கே வரவில்லை, 1967-ல்தான் வந்தது. கதவு இல்லாத அறையில் மாட்டிய ஆளின் கதை அது. 2018-ல், டிரம்ப் அதிபராக இருந்தபோது, கிளின்டன் புத்தகம் வந்த அதே வருடம், இதை மறுபதிப்புப் போட்டார்கள். எதற்காக அப்போது போட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

* * *

ஐயா, நன்றி. இந்தப் பேச்சை ஆரம்பித்தது நான்தான். தேடிப் படிக்கிறேன். ஆனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும், நீங்கள் லைமனைப் பற்றிச் சொன்னது டங்கனுக்கும் பொருந்தும். ‘டார்க் ஏஜஸ்’ என்ற பெயர் தெரிந்தவர்கள் எட்டே பேர். பாரிஸில் அவர் மகளிடம் முன்பின் தெரியாத ஒரு பெண் அந்தப் பெயரை உச்சரித்துவிட்டுப் போகிறாள். அப்படியானால் தினமும் கூடவே உட்கார்ந்து காபி குடிக்கும் எட்டுப் பேரில் ஒருவர். நான் துணை அதிபரைச் சந்தேகப்பட்டு, பிறகு இன்னொருவருக்கு மாறி, திரும்பவும் துணை அதிபருக்கே வந்தேன். கிளின்டனுக்கு இந்தப் பயம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. நடு நடுவே வெடிக்கும் கார்கள்தான் அதைக் கேட்க விடாமல் செய்கின்றன.

இன்னொரு விஷயம், துரோகம் செய்தவர் சொல்லும் காரணம். பணம் இல்லை, கொள்கை இல்லை, பழைய அரசியல் ஏமாற்றம் ஒன்று. பலருக்கு அது சப்பென்று இருந்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அதுதான் இந்தப் புத்தகத்திலேயே நிஜமான இடம்.

* * *

சர்வர்காரன் மறுபடியும். அந்தக் காரணத்தில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் கடவுச்சொல் விஷயத்தில் சமரசமே கிடையாது.

ஐயா, நெபல் புத்தகம் இரண்டில் முதலில் எது?

* * *

‘செவன் டேஸ்’தான். 1964-ல் பர்ட் லங்காஸ்டர், கிர்க் டக்ளஸ் நடித்து வந்த படமும் அருமை, ஆனால் படிப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடாதீர்கள். ‘கேம்ப் டேவிட்’டில் செனட்டரின் காதல் விவகாரம் ஒன்று அடிக்கடி குறுக்கே வரும், அந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டுப் போகலாம், நானும் அப்படித்தான் செய்தேன்.